நாலாவது குவார்ட்டர்

எழுபத்தொன்று, அறுபத்தெட்டு.
கோயமுத்தூர்ப் பையன்கள் கோப்பையோடு வேன் ஏறிவிட்டார்கள்.
தல்லாகுளத்தில், பரோட்டாக் கல்லைச் சுற்றி,
ஆட்டம் இன்னும் நடக்கிறது.

‘ஓடலப்பா அவன்’ என்கிறார் சிக்கந்தர்.
சிம்மக்கல்லில் பம்புசெட் உதிரிபாகம் விற்பவர்,
கல்லூரிக்குள் கால் வைத்ததே ஆட்டம் பார்க்கத்தான்.
‘பந்தைப் பறிச்சுக்கிட்டுப் போறாய்ங்க,
இவன் நடுக்கோட்டுல, இடுப்புல கைய வச்சு,
மேலூர் பஸ்ஸுக்கு நிக்கிறவன் கணக்கா நிக்கிறான்.’

‘இருபத்தாறு பாயிண்ட் போட்டவனைச் சொல்றீகளே.’
இது சாந்தாராம்.
அவர் ஆடிய காலத்தில் தரை சிமெண்ட்.
பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டத் தொடங்குகிறார்.
வேண்டாம் சார், அந்தத் தழும்பை
போன வருசத் தோல்விக்கும் பார்த்தோம்.

‘என்ன போட்டு என்ன?
நாலாவது குவார்ட்டர்லதான் ஆளு யாருன்னு தெரியும்.’
பின்னால் சுவரோரம் சாய்ந்திருந்தவர்
கண் திறக்காமல் சொல்கிறார்:
‘எனக்கு ரெண்டாவதுலயே தெரிஞ்சிரும்.’

பார்சலுக்கு நிற்கும் ரெஜினா டீச்சர்
மாநகராட்சிப் பள்ளியில் பி.டி.
விசில் இன்னும் கழுத்தில்.
‘முப்பத்தெட்டு நிமிசம் அவனை வெளியே எடுக்கவே இல்லை.
கெண்டைக்கால் இழுத்திருக்கும்.’
‘இழுத்தா நொண்டணும்ல?’
‘நொண்டுனா கோச்சு உக்கார வச்சிருவாரு.
அதான் நொண்டல.’
கொத்துக் கரண்டி இரண்டும் இரைந்ததில்
இதற்குச் சிக்கந்தர் சொன்ன பதில்
அவருக்கே கேட்டிருக்காது.

பிறகு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினவன் நான்.
முதல் பகுதிக்கும் மூன்றாவதற்கும் சிவப்பு மை,
மற்ற இரண்டுக்கும் நீலம்.
ஃபவுலுக்குக் கட்டம் உண்டு, டைம் அவுட்டுக்கு உண்டு,
யார் எந்த நிமிடம் உள்ளே வந்தான் என்பதற்கும் உண்டு.
நின்றவனுக்கு இல்லை.

அதுகூடப் பரவாயில்லை.
அந்த நொடியில் நான் குனிந்து
முந்தின ஃபவுலை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
தலை தூக்கியபோது
வலை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.
‘லேசா நின்ன மாதிரிதான் இருந்துச்சு’ என்றேன்.
எனக்கு ஒரு ஆம்லெட் சொன்னார் சிக்கந்தர்.

ஆம்லெட் வருவதற்குள் வீரணன் வந்துவிட்டான்.
குளித்த தலை, ரப்பர் செருப்பு,
பதினொன்றாம் எண் பைக்குள் ஈரமாக இருக்கும்.
‘பதினாறு பரோட்டா, சால்னா தனிக் கவர்ல.’
கல் மட்டும் பேசியது.
முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டவர் சிக்கந்தர்தான்:
‘உக்காரு தம்பி, என்னா ஆட்டம்டா, உக்காரு.’
‘இல்லண்ணே, பசங்க பசியோட இருக்காய்ங்க.’

பணத்தை எண்ணும்போது என்னைக் கண்டுகொண்டான்.
‘சார், அந்த மூணாவது ஃபவுல்
எனக்கா, பன்னெண்டுக்கா?’
‘உனக்குத்தான்.’
‘அப்டியா’ என்றான். யோசித்தான்.
‘சரி சார்.’

புதூர் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று
எதிர்ப்பக்கம் நிற்காமல் நகர,
கவரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி
ரோட்டைக் குறுக்கே பாய்ந்து ஓடினான்.

‘பாத்தீகளா, பாத்தீகளா, இப்ப ஓடுறான்!’
‘இடது காலைப் பாருங்க சார், ஊன்றதே இல்ல.’
‘அது செருப்புய்யா.’
‘செருப்பா அது? கண்ணைக் கழுவுங்க.’

இந்தத் தடவை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
நடுவில் ஒரு தண்ணி லாரி வந்துவிட்டது.
லாரி போனபோது
ஆட்டோவின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான்,
சால்னா சிந்தாமல்.

டீச்சர் பார்சலோடு கிளம்பினார்.
சாந்தாராம் பேண்ட்டை இறக்கிவிட்டார்.
கடைக்காரர் பாதி ஷட்டரை இழுத்த பிறகு
சிக்கந்தர் கேட்டார், தட்டைப் பார்த்துக்கொண்டே:
‘அடுத்த வருசம் இருப்பான்ல?’
‘ரெண்டாவது வருசந்தான படிக்கிறான்.’
‘அப்ப இருப்பான்’ என்றார்,
இன்னும் இரண்டு சொன்னார்.